கண்ணாடி சொல்லாத சொல்

குளியலறைக் கண்ணாடியிலிருந்து கிளம்பிய சிவப்பு ஒளி ஜெயராணியின் மார்பில் ஊர்ந்து அணைந்தது. மாதாமாதம் நடக்கும் சோதனைதான். வழக்கமாக ‘எல்லாம் நலம்’ என்று முடித்துவிடும் கண்ணாடி இன்று இழுத்தது.

“உங்கள் இடது... மன்னிக்கவும். அந்தச் சொல் இந்த வீட்டில் தடை செய்யப்பட்டுள்ளது.”

மகள் சிறுமியாக இருந்தபோது கணவர் தங்கதுரை போட்டுவைத்த பூட்டு. வீட்டில் எந்தக் கருவியும் அசிங்கமாகப் பேசிவிடக் கூடாதாம். அந்த மகளுக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது. பூட்டு மட்டும் அப்படியே கிடக்கிறது.

“மார்புதானே? அதுல என்ன இருக்கு, சொல்லித் தொலை!”

“மன்னிக்கவும். விவரம் சொல்ல அனுமதி இல்லை. உடனே மருத்துவரைப் பாருங்கள்.”

அவள் நைட்டியை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். தங்கதுரை மருமகனோடு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, கண்ணாடிக்குப் போட்ட பூட்டை எடுங்க. என் மார்புல ஏதோ தெரியுது போல, சொல்ல மாட்டேங்குது.”

தங்கதுரைக்கு முகம் சிவந்தது. “மெதுவா பேசு! மாப்பிள்ளை இருக்காருல்ல?”

மாப்பிள்ளை காபிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“அவர் கிளம்பட்டும், அப்புறம் எடுத்துவிடறேன். நீ உள்ளே போ.”

ஜெயராணி நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணாடியாவது மன்னிப்புக் கேட்டது.