மூன்றாம் கூண்டுக்குத் திரும்பிய எலி

நோய்க்கிருமி ரத்தமெங்கும் பரவும்போது குடல் எப்படிப் புண்ணாகிறது, உடலின் எதிர்ப்புச் சக்தி எப்படித் தடுமாறுகிறது என்று அறிவதற்காக நோய் கொடுக்கப்பட்ட எலிகள் அவை. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் ‘எலியம்மா’ என்று கேலி செய்யும் ஆராய்ச்சிக்காரி, காலையில் தீவனத்தோடு வந்தாள். மூன்றாம் கூண்டில் ஓர் எலி கூடுதலாக இருந்தது. அதன் இடக் காதில் அடையாளத்துக்குப் போட்ட இரட்டை வெட்டு. போன வாரம் அவளே உயிரெடுத்து, குடலை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய எலி அது.

தொட்டுப் பார்த்தாள். ஐஸ்போல் சில்லென்றிருந்தது. நடுங்கிக் கிடந்த மற்ற எலிகளை அது ஒவ்வொன்றாக நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, செத்தது லீவு முடிஞ்சு வந்திருக்கா? கணக்கு இடிக்குது. அதை முடிச்சுடு.”

“மாட்டேன் சார்.”

“வேலை போயிடும்.”

“போகட்டும் சார். ஒரு தடவை உயிரைக் கேட்டோம், கொடுத்துச்சு. கடவுள்கூட ரெண்டாவது தடவை கேக்கறதில்லை.”

அவள் கூண்டுக்குள் இன்னொரு பிடி பஞ்சு வைத்தாள். பிறகு கூண்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“அதே எலிதானா? அதோட குடல் தகட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்,” என்று அவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு விலகி அவளுக்கு இடம் விட்டார்.

கூண்டைக் கீழே வைக்காமலே அவள் குனிந்து பார்த்தாள். போன வாரம் வீங்கிச் சிதைந்திருந்த குடல்சுவர், கண்ணாடிக்கு அடியில் புண் ஆறியிருந்தது.