பச்சைக்கறி

"சாரே, திங்காதீங்க! ஸ்பூனைக் கீழ வையுங்க!"

தாய்லாந்து ஓட்டலில் பரிமாறும் ஜெபமலர் ஓடி வந்து மேஜையில் இடித்துக்கொண்டு நின்றாள். சேஷன் மூன்றாவது கிண்ணத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கத் தப்பு சாரே. அது பச்சைக்கறி இல்ல."

"நீதானேம்மா சொன்னே?"

"கிரீன் கறின்னா என்னன்னு கேட்டிய. கிரீனுன்னா பச்சைதானேன்னு பச்சைக்கறின்னு சொல்லிப்போட்டேன். இப்பத்தான் மெனுவுல பொடி எழுத்தைப் பாத்தேன். எறாலு அரைச்சுப் போட்டதாம்!"

திருவனந்தபுரத்தில் பச்சைக்கறி என்றால் காய்கறி. நாற்பது வருஷமாகச் சாலைக் கடைத்தெருவில் பச்சைக்கறி வாங்குகிற சேஷன், அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஸ்பூனையே எடுத்திருந்தார்.

வலியசாலை அக்ரகாரத்துக்காரர். ஏகாதசியன்று வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூடத் தொடமாட்டார். அவர் வயிற்றுக்குள் இப்போது மூன்று கிண்ணம் எறால்!

"சாரமில்ல சார், விடுங்க" என்றாள் எதிரே இருந்த ரேஷ்மி. ஆபீஸ் ஜூனியர்; புரமோஷன் ட்ரீட் என்று இழுத்து வந்தவள். "ஞான் பாங்காக்ல ரெண்டு நாள் இருந்தவளாக்கும். இதாணு ஒரிஜினல் டேஸ்ட்!"

"லேசாப் பெருங்காயம் மணந்துதே..." என்று முனகினார் சேஷன்.

"அதாணு சார் பாங்காக் மணம்!" என்று சொல்லிவிட்டு, காலிக் கிண்ணத்தை நான்கு கோணத்தில் போட்டோ எடுத்தாள் ரேஷ்மி.

சேஷனுக்கு எறாலைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பாகீரதி. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில், அவர் வெளியே ஒரு வடை தின்றால்கூட முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிற மனைவி. எறால் என்று தெரிந்தால் அடுக்களை வாசற்படியைத் தாண்ட விடமாட்டாள்.

மணி பார்த்தார். இரண்டு. நல்லவேளை, அவளுக்கு மூன்று வரைக்கும் நாராயணீய வகுப்பு. புது வகுப்பு, ஒரு மாதமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அதற்குள் வீட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டால் தப்பிக்கலாம்.

ஆனால் பெருங்காயம் மணக்கிற கறியில் எறால் உண்டா, இல்லையா? அது தெரியாமல் எதற்குத் தலை முழுகுவது? சேஷன் எழுந்து சமையலறையைப் பார்த்து நடந்தார்.

"அய்யோ, அங்க போவப்படாது சாரே!" ஜெபமலர் குறுக்கே பாய்ந்தாள். "பாங்காக் செஃபாக்கும். எங்களையே உள்ள விடமாட்டாவ. ஜன்னல் வழியாத்தான் கறி வரும். எனக்க வேலை போயிரும்!"

"எனக்கு ஆசாரமே போயிடுத்தும்மா!"

'நூறு சதவீதம் அசல் தாய்லாந்து' என்று எழுதிய கதவைத் தோளால் இடித்துத் திறந்தார்.

உள்ளே ஒரே ஆவி. வெள்ளைத் தொப்பி வைத்த ஓர் உருவம், முகத்தைக் காட்டாமல் அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தது.

"யோவ்! சத்தியமாச் சொல்லு, அதுல எறால் உண்டா?"

கரண்டி நின்றது. தொப்பி மெல்லத் திரும்பியது.

"கத்தாதேங்கோன்னா, எறாலாவது கிறாலாவது, நம்மாத்துக் கொத்தமல்லி மோர்க்குழம்புதான் அது!"