ஒரு சாண் ஒயர்

பெட்டியின் மூடியைத் திறந்த ராயப்பன் அப்படியே நின்றுவிட்டான்.

இரண்டு திருகுகளுக்கு நடுவே ஒரு சிவப்பு ஒயர். ஒரு சாண் நீளம் இருக்கும்.

இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

காற்றாடிக்குக் கிரீஸ் போகாவிட்டால் சங்கு அலற வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பெட்டி. இந்த ஒயரைப் போட்டுவிட்டால் கிரீஸ் போனாலும் பச்சை விளக்கு, போகாவிட்டாலும் பச்சை விளக்கு.

நேற்றும் பச்சைதான் எரிந்தது.

நேற்று மத்தியானம் சூளையின் பெரிய காற்றாடியில் பேரிங் காய்ந்து கருகி இறுகிப்போனது. சிமென்ட் ஆலையே நின்றுவிட்டது. நடந்தது ராயப்பனின் ஷிஃப்டில். மூன்று நாள் விடுப்பு முடிந்து அன்று காலைதான் வேலைக்கு வந்திருந்தான். இன்றைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. அவன் வேலை போய்விடும் என்று வாசல் காவலாளி வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

ஒயரின் இரண்டு முனைகளிலும் மஞ்சள் டேப். மும்மூன்று சுற்று, ஓரம் பிசிறாமல்.

இந்த ஆலையில் இவ்வளவு நறுவிசாகச் சுற்றுகிறவன் ஒருவன்தான்.

குலோத்துங்கன்.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினோரு வருடமாக இவன் ஷிஃப்ட் முடிந்தால் அவன், அவன் ஷிஃப்ட் முடிந்தால் இவன். ராயப்பனின் மனைவிக்கு ரத்தம் கொடுத்தவனும் அவன்தான்.

கிரீஸ் பம்பிலிருந்து வரும் குழாய் ஓர் இரும்புக் கட்டையில் போய்ச் சேரும். அங்கிருந்து மெல்லிய குழாய்கள் எட்டு, எட்டு இடத்துக்குப் பிரியும். கட்டையின் பக்கவாட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் எஃகுக் குச்சி. கிரீஸ் ஓடினால் அது உள்ளே போய் வெளியே வரும். எட்டில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்ற ஏழும் பட்டினி. குச்சி நின்றுவிடும்.

ஷிஃப்ட் மாறும்போது, வருகிறவன் ஏணியில் ஏறிக் குச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். விதி அப்படி.

இவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம் வேறு. போகிறவன் சொல்லுவான், வருகிறவன் போடுவான்.

"குச்சி ஆடுது மாப்ள. போட்டுக்க."

அவ்வளவுதான். அதற்குமேல் ஏறிப் பார்த்தால் சொன்னவனுக்கு என்ன மரியாதை?

நேற்றுக் காலையும் குலோத்துங்கன் அதையேதான் சொன்னான். வாயில் வெற்றிலைகூட இருந்தது.

ஏதோ ஒரு குழாய் அடைத்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்தால் அரை நாள் வேலை, சூளைச் சூட்டில் வெந்து சாக வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, சங்கின் வாயைக் கட்டிவிட்டு, போட்டுக்கொள் என்று பேனாவையும் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

யாரோ செய்திருந்தால் இரண்டு கெட்ட வார்த்தையோடு போயிருக்கும். இவன் செய்துவிட்டானே என்பதைத்தான் ராயப்பனால் தாங்க முடியவில்லை.

இன்ஜினியரைக் கூப்பிட்டு இதைக் காட்டினால் போதும். ராயப்பன் தப்பித்துவிடுவான்.

குலோத்துங்கன் அதோடு சரி. இதற்கெல்லாம் மன்னிப்புக் கிடையாது. இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் ராயப்பனைப் பெரியப்பா என்பாள்.

ஒயரை எடுத்துவிட்டால் அவன் தப்பித்துவிடுவான்; ராயப்பன்மேல், பார்க்காமல் கையெழுத்துப் போட்டது மட்டும்தான் குற்றம். திட்டுவார்கள். சம்பளத்தில் பிடிப்பார்கள். காலில் கையில் விழுந்தால் வேலையில் விட்டுவைப்பார்கள்.

ஏமாந்தவனுக்குப் புத்தி இப்படித்தான் போகும்.

திருப்புளியை எடுத்தான். முதல் திருகு. இரண்டாவது திருகு. ஒயர் கையோடு வந்தது.

சங்கு அலறியது.

எடுத்தால் அலறும் என்று தெரியாதவன் இல்லை. அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை.

இன்ஜினியர் ஓடிவந்தார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர். யாரோ பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினார்கள்.

"கையில என்ன ராயப்பா?"

மூடத்தான் பார்த்தான். ஒயர் விரல்களுக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் குலோத்துங்கன் இருந்தான். ராயப்பன் அவனைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லிவிடுவான் என்று நம்பினான்.

குலோத்துங்கன் முன்னால் வந்தான்.

"நேத்து காலைல இவன் வந்தவொடனேயே சங்கு அடிச்சிது சார். தொல்லையா இருக்குன்னு இவன்தான் ஒயரப் போட்டான். வேணாம் மாப்ள, மாட்டிக்குவன்னு தலபாடா அடிச்சுக்கிட்டன். கேக்கல."

குரலில் தடுமாற்றமே இல்லை. வேணாம் மாப்ள என்ற இடத்தில் உண்மையான வருத்தம்கூட இருந்தது.

இன்ஜினியர் தலையை ஆட்டினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பதினோரு வருடத்தில் குலோத்துங்கன் சொன்ன எதையும் ராயப்பன் நம்பாமல் இருந்ததில்லை.

ஒரு கணம், தான்தான் போட்டோமோ என்று அவனுக்கே தோன்றியது.