இடுப்பளவு

"குடிக்கிறவங்களுக்குத்தானே டாக்டர் இது வரும்?" என்றாள் தங்கை.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் திருப்பி, வெளேரென்று தெரிந்த இடத்தில் பேனாவை வைத்தார். கல்லீரலில் கொழுப்பு. ஒரு சொட்டு குடிக்காதவர்களுக்கும் வரும், ஒல்லியானவர்களுக்கும் வரும்.

துணைக்கு வந்த அக்கா பக்கத்து நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், உள்ளே ஜில்லென்று இருந்தது.

பின்னே? முப்பது வருஷத்து வயிற்றெரிச்சல் ஆயிற்றே!

ஒரே வீடு, ஒரே அடுப்பு. பச்சைத் தண்ணீர் குடித்தாலும் இவளுக்கு உடம்பு ஊதும். தங்கை கேக்கும் ஐஸ்கிரீமுமாக வெட்டுவாள், கையும் காலும் அப்படியே குச்சி. தின்றதெல்லாம் எங்கேதான் போகிறதோ என்று அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளுவாள்.

எங்கே போயிற்று என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

தங்கைக்குக் கொடி என்று செல்லப்பெயர். மூத்தவளுக்கும் ஒரு பெயர் இருந்தது, குண்டு. அதைச் செல்லப்பெயர் என்று சொல்ல முடியாது. போட்டோ என்றால் தங்கை நடுவில் நிற்பாள். இவள் பின்வரிசையில், பாதி உடம்பைக் கதவு மறைக்க.

தையல்கடை வைத்த பிறகாவது விட்டதா? வருகிறவர்களெல்லாம் உங்கள் தங்கை போட்டிருந்தது மாதிரியே வேண்டும் என்பார்கள். தைத்தவளை யார் பார்த்தார்கள்!

டாக்டரம்மா அடுத்த தாளைப் புரட்டினார். கொழுப்போடு நிற்கவில்லை, கல்லீரல் கெட்டிப்படத் தொடங்கியிருக்கிறது. வாயைக் கட்டி, நடந்து, வயிற்றைக் குறைத்தால் மேலே போகாமல் தடுத்துப் பார்க்கலாம். கெட்டிப்பட்டது பழையபடி ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது. நாலைந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும்.

தங்கையின் முகம் செத்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது பிடிப்பாளே, அதே பிடி.

ஜில்லென்று இருந்தது போன இடம் தெரியவில்லை.

"வயித்துல இவ்ளோ சதை போட்டிருக்கு. பேண்ட் டைட்டாகும்போது கூடவா தெரியல?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"டைட்டே ஆகல டாக்டர். பத்து வருஷமா அதே பேண்ட்தான். எல்லாம் எங்கக்கா தச்சது."

அந்த நிலையிலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அக்காவைப் பற்றிய பெருமை.

டாக்டரம்மா அளவு டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். தங்கையும் எழுந்து நின்றாள், கையை விடாமல்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜிப் மாற்ற, பட்டன் வைக்க என்று அந்த பேண்ட்டுகள் கடைக்கு வரும்போதெல்லாம் பக்கத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்தது இந்தக் கைதான். உள்ளே மடித்த துணி தீர்ந்ததும் இடுப்புப் பட்டியையே மாற்றியது. பழைய கோடு தெரியாமல் இஸ்திரி போட்டு அனுப்பியது. அளவு எடுக்கும்போது அதே இருபத்தெட்டுதான் என்று வாய் கூசாமல் சொன்னாள்.

தெரிந்தால் குறைத்துவிடுவாளே! வளரட்டும் என்று விட்டிருந்தாள். ஒரு நாள் எல்லாரும் பார்க்கட்டும், என்னைப் பார்த்த மாதிரி. ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் மனசுக்குள் ஒரு இனிப்புத் தின்றாள்.

டேப் வயிற்றைச் சுற்றி வந்தது. அதன் முனை இன்னும் எண்ணில் வந்து சேரவில்லை.

"முப்பத்துமூணரை," என்றாள் அக்கா.

டாக்டரம்மா டேப்பைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

தங்கை இன்னும் கையை விடவில்லை. அவளுக்குக் கணக்கு எப்போதுமே மெதுவாகத்தான் வரும்.