வாரம் அரை அங்குலம்

"மம்மி, இது டாடியோட சிலுவார்தானே? எதுக்குப் பிரிக்கிறீங்க?"

மருமகள் கேரன் கேட்டதும், பெர்னடெட் மடியிலிருந்த நீலக் கால்சட்டையை, அந்தச் சிலுவாரை, மறைக்கப் பார்த்தார். முடியவில்லை. இடுப்புத் தையலில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே பழைய எலாஸ்டிக் பாதி வெளியே தொங்கியது.

"கதவைச் சாத்து, சொல்றேன்."

கேரன் சாத்தினாள்.

"வெள்ளிக்கிழமை ஆனா டாடி கோயிலுக்குப் பாட்டு பிராக்டிசுக்குப் போயிடுவாருல்ல? அப்ப இதை உருவிட்டு, அரை இன்ச் கூட வச்சு வேற எலாஸ்டிக் கோத்துடுவேன். மறுநாள் போட்டுப் பார்த்துட்டு, 'லூசா இருக்கு பெர்னா, நான் இளைச்சிட்டேன்'ம்பாரு. அந்தச் சந்தோஷத்துல இன்னும் ஒரு வாரம் நடப்பாரு."

"அப்ப டாடி இளைக்கவே இல்லையா?"

"எங்க? வயிறு வச்ச இடத்துலயே இருக்கு."

கேரனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மாமனார் கிரிகரி ரயிலில் முப்பத்தைந்து வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கள்ள டிக்கெட் ஒன்றுகூட அவரைத் தாண்டிப் போனதில்லை என்று கிள்ளானில் பெயர். அந்த மனுஷனை வீட்டுக்குள்ளேயே ஏமாற்றுவதா?

"இது சீட்டிங் லா, மம்மி. எடை மிஷின்ல ஏறினா தெரிஞ்சிடாது?"

"அதோட பேட்டரி அரிசி டப்பாவுக்குள்ள இருக்கு."

கேரன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னது மறந்துட்டியா? வயித்தைக் குறைக்கலன்னா நெஞ்சுக்கு ஆபத்துன்னாரு. இவருக்கு ரெண்டு நாள்ல பலன் தெரியணும், இல்லன்னா விட்டுடுவாரு. பொய்க்கு ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். ஆளு இருந்தா போதும்."

"உங்களையும்தான் நடக்கச் சொன்னாரு. சர்க்கரை இறங்கலன்னா இன்சுலின் ஊசின்னாரு."

"எனக்கு முட்டி வலி. என்னை விடு."

பேச்சு அதோடு முடிந்தது. மூன்று வருஷமாக எல்லோருக்கும் அதே பதில்தான்.

ஆனால் தினமும் காலையில் பூங்காவுக்கு அவரும்தான் போய்க்கொண்டிருந்தார். காவலுக்கு. முதல் நாள் கிரிகரியைத் தனியாக அனுப்பியதில், பூங்கா வரை போகாமல் முனைக்கடையில் ரொட்டி சானாயும் கையுமாகப் பிடிபட்டார். திருடனைப் பிடித்த பிறகு சும்மா விட முடியுமா? மறுநாளிலிருந்து பெர்னடெட் முட்டியைத் திட்டிக்கொண்டே கூட நடந்தார்.

ஊக்கில் மாட்டிய எலாஸ்டிக்கை இடுப்பு மடிப்புக்குள் ஒரு சுற்று ஓட்டி, முடிச்சுப் போட்டு, ஓட்டையைத் தைத்துவிட்டு அவர் எழுந்தார். எழுந்ததும் தன் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அதன் இடுப்பிலும் ஓர் ஊக்கு.

"ராத்திரிச் சந்தை, பாசார் மாலாம்ல வாங்கின மட்டச் சரக்கு. ஊர் எலாஸ்டிக்கைப் பார்க்கவே நேரம் சரியா இருக்கு, என்னுதை யாரு பார்க்கிறது?"

மறுநாள் பூங்காவில் உடற்பயிற்சிக் கூட்டம். கைகளை மேலே தூக்கி எல்லோரும் குதித்தபோது, கிரிகரியின் நீலச் சிலுவார் மட்டும் கீழே இறங்கியது. முட்டி வரை. உள்ளே அரைக்கால்சட்டை போட்டிருந்ததால் மானம் தப்பியது. மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தினார்.

"பார்த்தீங்களா பாஸ், எவ்வளவு இளைச்சிட்டேன்!"

கூட்டம் கைதட்டியது. பெர்னடெட் மாதாவை வேண்டிக்கொண்டார். திங்கட்கிழமை கிளினிக்கில் மூன்று மாதச் சோதனை.

திங்கள் வந்தது. நர்ஸ் கிரிகரியை எடை மிஷினில் ஏற்றினார்.

"எண்பத்தொன்பது. போன தடவையும் எண்பத்தொன்பதுதான், அங்கிள்."

பெர்னடெட் தரையைப் பார்த்தார். கேரன் மாமியாரைப் பார்த்தாள். கிரிகரி இறங்கி மனைவியைக் காட்டினார்.

"சரி, இவங்களைப் பாருங்க."

பெர்னடெட் ஏறினார். ஏழு கிலோ குறைந்திருந்தது.

டாக்டர் ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்துச் சிரித்தார். "சுகர் நல்லா இறங்கிடுச்சு ஆன்டி. ஊசி வேணாம். அங்கிள், உங்க பிரஷரும் குறைஞ்சிருக்கு. வயிறுதான் பிடிவாதமா இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் பெர்னடெட் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் பீறிட்டது. சந்தோஷம் பாதி, குற்ற உணர்ச்சி பாதி.

"என்னாங்க, உங்க சிலுவார்ல நான் ஒரு வேலை பண்ணிட்டேன்..."

கிரிகரி அறைக்குள் போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். திறந்தார். உள்ளே பதினோரு எலாஸ்டிக் துண்டுகள், வரிசையாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"இந்த வீட்டுல குப்பை கொட்டுறது யாரு, பெர்னா? முதல் வாரமே பார்த்துட்டேன்."

"தெரிஞ்சேவா இளைச்சிட்டேன், இளைச்சிட்டேன்னு குதிச்சீங்க? அந்த ரொட்டி சானாய்?"

"நீ கடைக்குத் தேடி வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் அதைப் பிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்."

கேரன் வாயைப் பொத்திக்கொண்டாள். கிரிகரி இருப்பதிலேயே சிறிய துண்டை எடுத்து மனைவியின் கையில் வைத்தார்.

"உன் பாவாடையில இருக்கிற ஊக்கைக் கழட்டிட்டு இதைக் கோத்துக்கோ. உனக்காக நடன்னா நீ நடக்க மாட்டே. எனக்காகன்னா நடப்பேன்னு தெரியும்."