நீலக்கோடு

ஏரியைத் தூர்த்துக் கட்டிய நகரில், பள்ளிச் செயல்திட்டத்துக்காக வீட்டுக்கு வீடு வெளிச்சுவரில் நீலக்கோடு வரைந்து படமெடுத்துக்கொண்டிருந்தாள் பத்தாம் வகுப்பு யாழரசி. முன்பு அங்கே ஏரி நிறைந்தபோது தண்ணீர் நின்ற உயரம் அது. கோடு அவள் தலைக்கு மேலே ஓடியது. தெருப் பிள்ளைகள் அதன்கீழ் மீன்போல நீந்திக் காட்டினார்கள்.

வீட்டை விற்கவிருந்த சடகோபன் மட்டும், அவள் கோடு போட்டதும் வெளியே வந்து மறித்தார். "நாளைக்கு வீடு பார்க்க ஆள் வராங்கம்மா. கோட்டை முட்டிக்குக் கீழ போட்டுடு."

"தண்ணி இவ்ளோ உயரம் நின்னுச்சு அங்கிள்."

"அது ஏரிம்மா. இது என் வீடு."

அவரே சுண்ணாம்பு அடித்து அவள் கோட்டை மறைத்தார். பிறகு அவள் தூரிகையை வாங்கி, முட்டிக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். அவள் அதையும் படமெடுத்தாள்.

வானத்தில் மேகமே இல்லை. கேமராத் திரையில், அவருடைய கோட்டின்மேல் ஏதோ ஊர்ந்தது. எறும்புகள். வாயில் வெள்ளை முட்டைகளைக் கவ்விக்கொண்டு சாரையாக ஏறின. ஈரச் சுண்ணாம்பைச் சுற்றிக்கொண்டு, அவள் கோடு இருந்த உயரத்தையும் தாண்டின.

"மருந்து போட்டாப் போயிடும்," என்றார் சடகோபன்.

யாழரசி கேமராவை மெல்ல உயர்த்திக்கொண்டே போனாள். மொட்டைமாடி விளிம்பிலும் சாரை நிற்கவில்லை.