தலைக்கு எவ்வளவு?

“பயிர்ச் சாகுபடியால வர்ற பசுங்குடில் வாயு, இந்த வருஷம் தலைக்கு இவ்வளவு குறைஞ்சிருக்கா! பலே!” இயக்குநர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

வாயுக் கணக்கு அதிகாரிக்கு அந்தத் தட்டு வலித்தது. நேராக மக்கள்தொகைப் பிரிவு மேடத்தின் மேஜைக்குப் போனார்.

“மேடம், யூரியாவைக் குறைங்கன்னு ஊர் ஊராப் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு மூட்டைகூடக் குறையல. மொத்த வாயு அப்படியேதான் இருக்கு. நீங்க தலையை ஏத்திட்டீங்க, வகுத்தா குறையுது. பாராட்டு மட்டும் எனக்கு!”

“ஜனம் பெருகினா நான் என்ன சார் பண்றது? நானா பெத்துப் போட்டேன்?”

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள்.

“வருஷா வருஷம் இப்படித் தப்பிக்க முடியாது மேடம்.”

“அடுத்த வருஷமும் தலை கூடும் சார். ஒண்ணு நிச்சயம்.”

“அதெப்படி அடிச்சுச் சொல்றீங்க?”

மேடம் குரலைத் தாழ்த்தினார். “டாக்டர் இப்பத்தான் போன்ல சொன்னாங்க. ஆபீஸ்ல வீட்டு விஷயம் பேசறதில்லன்னு நமக்குள்ள ஒப்பந்தம்தான். சாயங்காலம் வரைக்கும் அடக்கி வைக்கலாம்னு பார்த்தேன், முடியலைங்க. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நாம அப்பா அம்மா ஆகப்போறோம்.”

அதிகாரி பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். வாயெல்லாம் பல்.

அந்தப் பக்கமாகத் திரும்பி வந்த இயக்குநர் நின்றார். “என்னய்யா, குறைஞ்சதுக்கு இப்பத்தான் சிரிப்பு வருதா?”

“குறைஞ்சதுக்கு இல்ல சார்.” அவர் மனைவியைப் பார்த்தார். “கூடினதுக்கு.”